ஆதமுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்கள்



ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹு தஆலா பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்த செய்தியை அல்பகரா அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் ஓதுகிறோம். வானவர்கள் சொல்ல இயலாது நின்ற பெயர்களை, மண்ணால் படைக்கப்பட்ட அந்த மனிதர் எடுத்துரைத்தார். ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்ட செய்திதான் இது. ஆனால், இதே வசனத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மனிதனுக்கு மொழி எப்படி வந்தது என்று நம் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் விவாதித்த வரலாறு நம் வீடுகளுக்கு அதிகம் எட்டவில்லை.

மொழி இறைவனால் நேரே அறிவிக்கப்பட்டது என்றனர் ஒரு சாரார். இக்கருத்துக்குத் 'தவ்கீஃப்' என்று பெயர். இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) இதன் பக்கம் நின்றார்கள். மக்களே தமக்குள் உடன்பட்டுச் சொற்களை வகுத்துக்கொண்டனர் என்றனர் மறு சாரார். இது 'இஸ்திலாஹ்'. முஃதஸிலா அறிஞர் அபூ ஹாஷிம் அல்ஜுப்பாயீ இதை வலியுறுத்தினார்.

இவ்விரண்டுக்கும் நடுவே தவித்தவர் மவ்ஸில் நகரத்து இப்னு ஜின்னீ (மறைவு ஹிஜ்ரி 392, கி.பி. 1002). அவருடைய தந்தை ரோம நாட்டைச் சேர்ந்த அடிமை. அந்த அடிமையின் மகன்தான் அரபு இலக்கணத்தின் பெரும் அறிஞர்களில் ஒருவரானார்! 'அல்கஸாயிஸ்' என்னும் தம் நூலில் இக்கேள்விக்கு ஓர் இயலையே ஒதுக்கினார். காற்றின் இரைச்சல், இடியின் முழக்கம், நீரின் சலசலப்பு, காகத்தின் கரைதல் ஆகிய ஒலிகளிலிருந்தே சொற்கள் பிறந்தன என்ற கருத்தையும் ஏற்கத்தக்கதென்று எழுதினார். மொழி இறைவனிடமிருந்து வந்தது என்பதற்கு அவருடைய ஆசிரியர் அபூ அலீ அல்ஃபாரிஸீ மேற்சொன்ன வசனத்தைச் சான்று காட்டினார். சொற்களை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலை அல்லாஹ் ஆதமுக்கு வழங்கினான் என்றும் அவ்வசனத்துக்குப் பொருள் கொள்ளலாமே என்றார் மாணவர். ஆனால் அரபு மொழியின் நுட்பத்தை எண்ணும்போதெல்லாம், இது மனிதரால் ஆகக்கூடியதா என்ற மலைப்பும் அவருக்கு எழுந்தது. முடிவு கட்டாமலே அந்த இயலை முடித்தார்.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் 1977இல் சிறப்புக் கல்விக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு கூடிய காதுகேளாப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றனர். அம்முயற்சி பெரிதாகப் பயன்தரவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்குள் கைச்சைகைகளைப் பரிமாறி, ஒரு புதிய மொழியையே உண்டாக்கிவிட்டனர். பின்னர் வந்த சிறு பிள்ளைகள் அதன் இலக்கணத்தை மேலும் செழுமைப்படுத்தினர். சொற்களை அவர்களே வகுத்தனர். வகுக்கும் ஆற்றலை அவர்களுக்கு எந்த ஆசிரியரும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்னு ஜின்னீ இதைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களுக்கோ இந்த விவாதத்தில் பொறுமையில்லை. எல்லாக் கருத்துகளும் இயலக்கூடியவையே, எதற்கும் உறுதியான சான்றில்லை, எந்த வணக்கமும் இதைச் சார்ந்திருக்கவில்லை என்று 'அல்முஸ்தஸ்ஃபா'வில் சுருக்கமாகத் தள்ளிவிட்டார்கள்.

வணக்கத்தில் வேறுபாடில்லை என்பது உண்மையே. ஆனால் மனிதரை மதிப்பதில் வேறுபாடு உண்டல்லவா? தமிழில் கேட்கும் துஆ குறைவுடையதோ என்று ஐயுறும் தாய்மார்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். (தொழுகையில் குர்ஆனை அரபியில் ஓதுவது வேறு விஷயம்.) கிரேக்கமே சிறந்த மொழி, பிற மொழிகள் நாயின் குரைப்பையும் தவளையின் கத்தலையும் ஒத்தவை என்று மருத்துவ மேதை காலென் கருதியதைக் குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (மறைவு ஹிஜ்ரி 456, கி.பி. 1064) எடுத்துக்காட்டி மறுத்தார். தன் மொழியல்லாத எதைக் கேட்டாலும் எவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் அதோடு நிற்கவில்லை. அரபியே மேலானது என்பாருக்கும் அதே விடையைத் தந்தார். சிறப்பு என்பது செயலால் வரவேண்டும், அல்லது இறைவாக்கால் வரவேண்டும். மொழிக்குச் செயலில்லை, எந்த மொழியையும் உயர்த்தி இறைவாக்கும் வரவில்லை. ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்ற இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆம் வசனமே அவருக்குச் சான்று. ஆதம் (அலை) முதலில் பேசிய மொழி எதுவென்று நாம் அறியோம் என்றும் அவர் எழுதினார்.

நம் கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் ஸையிது முஹம்மது ஆலிம் (1816–1898) அரபியில் ஆழ்ந்த புலமையுடையவர். ஆயினும் பொதுமக்களுக்காக அவர் எழுதிய மார்க்க நூல்கள் அரபுத்தமிழில் அமைந்தன. எழுத்து அரபு, பேச்சு தமிழ். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மீது புள்ளிகளைக் கூட்டிக்கொண்டனர். பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார் பலர் தொழுகையின் சட்டங்களையும் நோன்பின் சட்டங்களையும் வீட்டிலிருந்தபடியே இத்தகைய நூல்களில்தான் படித்தறிந்தனர்.