அன்பு என்றொரு சட்டச்சொல்

1980, 90களில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றொரு பட்டப்பெயர் வழங்கியது. கடன்பட்ட குடும்பங்கள் அங்கே சிறுநீரகம் விற்றன. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வசதி படைத்தோர் வாங்கினர்.

1994இல் நாடாளுமன்றம் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இவ்வணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைச்சாவை மரணமென ஏற்றது. ஆயினும் அதன் ஒன்பதாம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. நெருங்கிய உறவினரல்லாதாரும், பெறுபவர்மீது கொண்ட அன்பு அல்லது பற்றின் காரணமாக, அங்கீகாரக் குழுவின் ஒப்புதலோடு உறுப்பு வழங்கலாம். அன்பை அளக்கும் கருவி எந்தக் குழுவிடம் உண்டு? வீட்டுப் பணியாளர் முதலாளிமீது கொண்ட பாசம் பிரமாணப் பத்திரமாகத் தட்டச்சாகி வந்தது. செல்வர் ஒருவர் தம் பணியாளர்மீது கொண்ட பற்றால் சிறுநீரகம் ஈந்ததாக ஒரு மனுவைத் தேடிக் காண்பது அரிது. சட்டத்தின் சொற்கள் இருவருக்கும் பொதுவானவைதாம். அன்பு மட்டும் ஒரே திசையில் பாய்ந்தது.

விற்றவர்க்கு எஞ்சியது என்ன? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனடைக்கவே விற்றிருந்தனர். விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தனர்.