வியப்புச்சொல் ஒன்றும் மாத்தளை நாடும்

“வாவ்” என்னும் ஆங்கிலச் சொல் இக்காலத்து மாணவர் நாவில் நாள்தோறும் நடமாடுகின்றது. துடுப்பாட்டத்திற் பந்து எல்லை கடந்து பறப்பினும் அச்சொல்லே. தேநீர்க்கடை வடை சூடாக இருப்பினும் அச்சொல்லே. கேட்கும் முதியோர் சிலர் முகஞ்சுளிப்பர். நேற்று முளைத்த அமெரிக்கக் கொச்சை அது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று.

அச்சொல்லின் பிறந்தகம் ஸ்கொட்லாந்து ஆகும். காவின் டக்ளஸ் என்னும் புலவர், வெர்ஜிலின் இலத்தீன் காவியத்தைத் தம் நாட்டு மொழியிற் பெயர்த்து 1513ஆம் ஆண்டில் முடித்தார். எழுத்திலே இச்சொல்லுக்கு முதற்சான்று அப்பெயர்ப்பிற் கிடைக்கின்றது. அன்று அது வியப்புக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. வெறுப்பையும் இரக்கத்தையும் கூட இடம் நோக்கி உணர்த்தியது. 1791இல் வெளிவந்த ரொபேட் பேர்ன்சின் ‘டாம் ஓ ஷாண்டர்’ என்னும் கதைப்பாட்டில், மதுமயக்கத்தோடு வீடு திரும்பும் ஒருவன், பாழ்பட்ட தேவாலயத்திற் சூனியக்காரிகள் ஆடுதலைக் காணும் இடத்தில் அச்சொல் வருகின்றது. அங்கே வியப்பும் அச்சமும் பிரித்தறிய இயலாதபடி விரவி நிற்கின்றன. அதனை வெறும் களிப்புக் கூவலாகச் சுருக்கி உலகெங்கும் பரப்பியது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கே.

தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. நம் ‘ஐயோ’ பிணத்தருகேயும் எழும்; பேரழகின் முன்னும் எழும். அயோத்தியா காண்டத்துக் கங்கைப் படலத்தில், இராமன் வடிவழகை உவமைகளால் அளந்து பார்த்து ஓய்ந்த கம்பர், இறுதியில் ‘ஐயோ’ என்றே கைவிடுகின்றார். ‘ஐ’ என்னும் ஓரெழுத்து வியப்பினை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியற் செய்தி. மெய்ப்பாட்டியலோ வியப்பை ‘மருட்கை’ என வழங்கி, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழித் தோன்றும் என வகுக்கின்றது. மருளுதல் மயங்குதலும் ஆதலின், வியந்தவன் ஒரு கணம் அறிவு தடுமாறி நிற்கின்றான் என்பது அப்பெயரிலேயே பெறப்படும். பேர்ன்ஸ் காட்டும் குடிமகனுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேண்டுமோ?

இனி மாத்தளைக்கு வருவோம். ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் படையணியாகிய 78ஆம் அணியைச் சேர்ந்தவரும், மாத்தளையில் அரசாங்கப் பொறுப்பு வகித்தவருமான ஜோனதன் போர்ப்ஸ், 1831இல் சீகிரியாக் குன்றைச் சென்று கண்டார். 1840இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், அக்குன்றை ஆங்கிலம் அறிந்த உலகிற்கு அறிவித்தது. அடிவாரத்தில் நின்று அவர் தம் படையணியின் நாட்டுச் சொல்லைக் கூவினார் என்று நாம் சொல்லத் துணியோம். கூவியிருப்பின் யாரும் குறைகூறார். சுற்றுநிலத்தினின்றும் ஏறத்தாழ 600 அடி செங்குத்தாக எழும் பாறை அது.

ஆயினும் அங்கே வியந்தோருள் போர்ப்ஸ் மிகப் பிந்தியவர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிற் காசியப்ப மன்னன் அரண்மனை அமைத்த அக்குன்றினை, அவனுக்குப் பின் எட்டாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டு வரை திரள்திரளாக மக்கள் வந்து கண்டனர். பாறைமுகத்து ஓவிய மகளிரைக் கண்டு மருண்டவர்கள், கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரிலே தம் வியப்பைச் சிங்களச் செய்யுட்களாகக் கீறிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்து 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதியோருள் அலுவலரும் துறவிகளும் பெண்டிரும் உளர். ஓவியப் பெண்கள் வாய்திறவாமை கண்டு ஊடினோர் பலர். அவ்வாடவர்தம் மயக்கத்தை நகையாடினாரும் உளர். இலங்கை வரலாற்றிற் சாதாரண மனிதரின் குரல் இவ்வளவு அண்மையிற் கேட்கும் இடம் பிறிதொன்று உண்டெனத் தோன்றவில்லை.

2015இல் கிழக்கு மாகாணத்துத் தமிழ் இளம்பெண் ஒருத்தி அதே சுவரிலே தன் பெயரைக் கீறினாள். ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ச் சனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானாள். சுவரைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முன்னையோர் கீறியவை இலக்கியமும் பின்னவள் கீறியது குற்றமும் ஆயினமைக்கு இடையே நின்றது ஆயிரம் ஆண்டுகளே என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

சுவரில் எழுதாமலே போனவர்களும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். தம்புள்ளைக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் நிற்கும் சீகிரியாவைத் திரும்பிப் பார்க்க அவர்க்கு நேரமும் இல்லை. கங்காணியின் அனுமதியும் இல்லை. அவர்கள் வாயினின்றும் எழுந்த ‘ஐயோ’ கம்பர் கூறிய ‘ஐயோ’ அன்று. அதனைக் கீறிவைக்க அந்த வழிநெடுகிலும் ஒரு சுவர் இருந்ததில்லை.