மூன்று முறிவுகள்: கண்டமங்கலம் வட்டாரக் குடும்பங்களின் இடர்க்காலக் கையிருப்பு

1. களமும் கேள்வியும்

புதுச்சேரியில் விழுப்புரம் பேருந்து ஏறினால் அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்ததும் தமிழ்நாடு. திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. வளவனூரில் மறுபடி தமிழ்நாடு. ஒரே சாலையில் இரண்டு அரசுகள் மாறி மாறி வரும் இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் ஆபத்துக்கும் பஞ்சத்துக்கும் என்ன வைத்திருக்கிறது?

வீட்டுக்குள் இருப்பதை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பிவிடும். கையிருப்பில் பெரும்பகுதி வெளியே, பிறர் கையில் இருக்கிறது. வீட்டுக்குள் கிடப்பதை உள்ளிருப்பு என்றும், கேட்டால் வருவதை வெளியிருப்பு என்றும் பிரித்துக்கொள்கிறேன். வெளியிருப்பு எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. உள்ளிருப்பு

குதிரில் நெல், பானையில் உப்பும் புளியும், செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, பரணில் வத்தலும் வடகமும், ஒதுக்குப்புறத்தில் சவுக்கு விறகு. பழைய வீட்டின் இருப்பு இதுதான். இவற்றுள் தனியே சொல்ல வேண்டியது விதை மல்லாட்டை (வேர்க்கடலை). தோல் உரிக்காமல் வைத்தால்தான் அடுத்த பட்டத்துக்கு முளைக்கும். உரித்துத் தின்னத் தொடங்கிவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டையும் சேர்த்துத் தின்கிறது என்று பொருள். வறுமையை அளக்க இதைவிடத் துல்லியமான கருவியைப் பொருளியல் நூல்களில் நான் பார்த்ததில்லை.

இன்று குதிர் போய் பிளாஸ்டிக் டிரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் ஓர் ஆண்டுத் தானியத்தை வீட்டில் அடைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. இதை வீழ்ச்சி என்று புலம்புபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குதிர் இருந்தது நிலம் இருந்தவன் வீட்டில். கூலிக்காரன் வீட்டில் அன்றும் அன்றாடம்தான்.

3. வெளியிருப்பு

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கணக்கெடுத்தார். 1918இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள இருவேல்பட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டம். 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு நெடுங்காலம் கவனிக்கப்பட்ட கிராமங்கள் மிகச் சில. இந்த ஊருக்குப் பிறகு வருகிறேன்.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் கெரான், வெங்கடசுப்பிரமணியன் முதலானோர் கடலூர், விழுப்புரம் பகுதிகளில் கடனை ஆராய்ந்தவர்கள். 2010இல் 10 ஊர்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். கண்டமங்கலத்தாருக்கு அவர்கள் சொல்வது புதிதாக இராது: குழுக் கடனை அடைக்க அடகு, அடகை மீட்கக் கைமாத்து, கைமாத்தைத் திருப்பச் சீட்டு. ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் ‘புரட்டுவது’. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கடன் சுமை. உள்ளே இருப்பவருக்கு, யாரிடம் எப்போது கேட்கலாம் என்ற உரிமைகளின் பட்டியல். மொய் நோட்டும் அந்தப் பட்டியலில் ஒரு பக்கம்தான்.

4. முறிவுகள்

4.1. 2016: நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. மேற்சொன்ன ஆய்வுக் குழு அப்போது அதே குடும்பங்களை மறுபடி கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. திட்டமிடாமலே ஒரு சோதனை அமைந்துவிட்டது. வேலை குறைந்தது, செலவு சுருங்கியது. வாய்ப்பேச்சுக் கடனும் கடை நோட்டும் மேலும் ஓங்கின. உறவும் அறிமுகமும் குறைந்தவர்களே மிகுதியாக அடிபட்டார்கள். பணம் முறிந்தபோது மனிதர் நின்றார்கள்.

4.2. 2020: மார்ச் ஊரடங்கில் செங்கல் சூளை, கரும்பு வெட்டு, சென்னைக் கட்டட வேலை, திருபுவனைத் தொழிற்சாலை எல்லாம் ஒன்றாக நின்றன. வெளியூர்ச் சம்பளம் என்ற தூண் சாய்ந்தது. தாங்கி நின்றது தமிழ்நாட்டு ரேஷன் கடை: ஏப்ரலில் அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும். ரிசர்வ் வங்கி ஆகஸ்டு இறுதிவரை தவணைக்கு விலக்கு அளித்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது என்பதைப் பலர் பிறகுதான் அறிந்தார்கள்.

4.3. 2024: ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. அது போதாதென்று டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. இருவேல்பட்டு மூழ்கியது. மறுநாள் பார்வையிட வந்த அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டதாகச் செய்தித்தாள்களில் வந்ததும் இதே ஊரில்தான். ஏறத்தாழ நூறாண்டுக் கணக்கெடுப்பு நடந்த ஊர் அன்று அந்தச் சேற்றுக்காகத்தான் பேசப்பட்டது.

இந்த முறிவு முந்தையவற்றைவிட ஆழமானது. ஒரு வீட்டில் சாவோ நோயோ வந்தால் பக்கத்து வீடு கைமாத்து தரும். வெள்ளம் இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் நுழைந்தால் யார் யாரிடம் கேட்பது? சீட்டுப் பிடிப்பவர், மளிகைக்கடைக்காரர், குழுத் தலைவி எல்லோரும் ஒரே தண்ணீரில் நிற்கிறார்கள். 2016இல் காப்பாற்றிய அண்டை வீடுதான் 2024இல் கைவிட்டது, அதன்மேல் குற்றம் ஏதும் இல்லாமலே.

5. கணக்கை எப்படி மாற்றுவது

ஊருக்கே வரும் கேட்டில் முதல் மூன்று நாளை உள்ளிருப்பு மட்டுமே தாங்கும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று. அரிசி டிரம் தரையிலிருந்து பரணுக்கு ஏற வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் இரண்டு வாரத்துக்கானது எப்போதும் மிச்சம் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டி நிரப்பிய ஊர்கள் பல. கைபம்பு துருப்பிடித்துக் கிடக்கும் தெருக்காரர்கள் புரட்டாசிக்குள் அதைச் சரிசெய்துகொள்வது, டார்ச் லைட் வாங்குவதைவிட முக்கியம்.

பட்டா, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று. ஃபெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாயும் அறிவித்தது. அந்தத் தொகை கைக்கு வர, இழந்தது தன்னுடையதுதான் என்று காட்டக் காகிதம் வேண்டும்.

நகை இருப்பு தனி. 2025இல் வந்த ரிசர்வ் வங்கி விதி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தர இடமளிக்கிறது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று முழுவதையும் வாங்கிவிட்டால் மீட்பது கடினம். அடகில் இருக்கும் நகை இடர்க்கால இருப்பில் சேராது.

இன்னொன்று மே மாதக் கடைசியில் கவனிக்க வேண்டியது. பிரதமர் பெயரிலுள்ள இரண்டு காப்பீடுகளுக்கு, ஆயுளுக்கு 436 ரூபாயும் விபத்துக்கு 20 ரூபாயும், அப்போதுதான் வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 2 லட்சம். பள்ளி திறக்கும் செலவில் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும் அதே வாரம் அது. 456 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோகிறது.

6. எல்லை பற்றி

ஃபெஞ்சலுக்குப் புதுச்சேரி அரசு அட்டைக்கு 5000 ரூபாய் அறிவித்தது. விழுப்புரம் மாவட்டத்துக்குத் தமிழ்நாடு 2000. கண்டமங்கலத்தில் பிறந்து திருவண்டார்கோயிலில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு தொகை, அவள் அண்ணனுக்கு வேறொரு தொகை, பெய்தது ஒரே மழை. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்திருப்பது ஓர் அரசு தவறினால் மற்றொன்று என்ற அளவில் உதவும், புயலுக்கு உதவாது. அதற்குப் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கும் தம்பி வேண்டும். 2020இல் அவனே வேலையிழந்து ஊர் திரும்பி, தங்கை வீட்டு ரேஷன் அரிசியைத்தான் சாப்பிட்டான்.