'பேன்' என்ற ஆங்கிலச் சொல்லும் நமது ஓலையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறினாலும், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறினாலும், நீலகிரிக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவது பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும் இருக்கின்றனவா என்பதுதான். இந்தத் தடையை ஆங்கிலத்தில் 'பேன்' என்று சொல்கிறோம். (தமிழில் எழுதும்போது தலையில் ஊரும் பேன் நினைவுக்கு வருகிறது. பொறுத்துக்கொள்வோம்.)

இச்சொல்லின் பிறப்பு நம்மை வியக்க வைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'பன்னான்' என்ற வினைச்சொல்லுக்குத் தடுப்பது என்ற பொருளே கிடையாது. அழைப்பது, கட்டளையிடுவது, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிப்பது என்பவையே அதன் பொருள். சபிப்பது, தடுப்பது என்ற பொருள்கள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன. இன்னும் ஆழமாகத் தோண்டினால் 'பேசுதல்' என்ற பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்று கிடைக்கிறது. நம் கையிலுள்ள 'போன்', புகழைக் குறிக்கும் 'ஃபேம்' ஆகிய சொற்களும் அந்த வேரில் முளைத்தவையே. ஊரறிய விலக்கப்பட்டவன் 'பாண்டிட்' ஆனான். அறிவித்த ஆணைக்கு மாறாகக் கடத்தப்பட்ட பொருள் 'காண்ட்ராபேண்ட்' ஆயிற்று.

கத்தோலிக்கர்களாகிய நாம் இச்சொல்லை அதன் பழைய பொருளிலேயே காப்பாற்றி வந்திருக்கிறோம். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறு திருப்பலியில் ஓலை வாசிக்கிறோம் அல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் 'பேன்ஸ்' என்று பெயர். மறைவான திருமணங்களைத் தவிர்க்க, 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இவ்வழக்கத்தைத் திருஅவை முழுவதற்கும் உரியதாக்கியது. ஓலை யாரையும் தடுப்பதில்லை. தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று இறைமக்களைக் கேட்கிறது. அறிவிப்பவர் ஒருவர், பொறுப்பு கேட்கிற எல்லாருக்கும்.

நம் மொழியிலும் இந்த உறவு இருக்கிறது. பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் நண்பர்கள் இன்றும் 'பறஞ்ஞு' என்றுதான் சொல்கிறார்கள். ஊராட்சியின் ஆணையைத் தண்டோரா போட்டுச் சொல்லும் வழக்கமோ 2022-இல் தமிழக அரசால் கைவிடப்பட்டது. அறிவிப்பு முறைக்கே தடை என்று ஓர் அறிவிப்பு!

எல்லாத் தடைகளும் செவியை நம்பி இருப்பதில்லை. பந்திப்பூர் வழியாக மைசூருக்குச் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு 2009-இல் வந்த தடை அப்படிப்பட்டது. சாவடியில் சாலையை மூடிவிட்டால் போதும். தெரியாமல் வந்தவரும் நின்றுதான் ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் அப்படி அல்ல. 2000-ஆம் ஆண்டையொட்டி, அன்றைய மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாகு இங்கே பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கியபோது தமிழகத்தின் பிற மாவட்டங்களில் இதைப் பற்றிய பேச்சே அதிகம் இல்லை. மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 சனவரி 1-இல்தான். அதே ஆண்டில், சிறு தண்ணீர் பாட்டில்களுக்கு மாற்றாக இம்மாவட்டத்தில் குடிநீர் ஏ.டி.எம்.கள் வைக்கப்பட்டன. ஆயினும் ஒரு பை சட்டைப்பையில் மடங்கிக் கிடக்கும். எந்தச் சாவடி அதைக் கண்டுபிடிக்கும்? வளைவில் வீசப்பட்டால் காட்டெருமையின் வயிற்றுக்குள் போகலாம். மழையில் இறங்கினால் குன்னூர் ஆற்றோடு பவானிக்குப் போகலாம். பவானியில் தண்ணீர் எடுப்பவர்கள் நம் அறிவிப்பைக் கேட்டவர்கள் அல்லர்.

ஆகவே இந்தத் தடை அபராதச் சீட்டோடு நின்றுவிட்டால் அது பாதித் தடைதான் என்பது நம் எண்ணம். அபராதம் கட்டியவர் பையை இழக்கிறார்; காரணம் அவருக்குத் தெரிவதில்லை. தேநீர்க் கடையில் பார்சல் கேட்பவரிடம் "பாத்திரம் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டு, ஏன் என்பதையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிற கடைக்காரர்களை இந்த மலையில் நாம் பார்த்திருக்கிறோம். 'பன்னான்' என்ற அந்தப் பழைய வினையை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.