எந்தக் கோயிலுக்கு?

தோழிகள் ஐந்து பேர் இரண்டு நாள் தூத்துக்குடிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவு செய்தோம். யாரும் சமைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. பாளையங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டாள்:

"எந்தக் கோயிலுக்குப் போறிய?"

"கோயிலுக்கு இல்லம்மா. சும்மா, கடல் பாக்க."

"சும்மாவா?"

அம்மா கோபப்படவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. எழுபது வயதில் அவள் எத்தனையோ முறை கடலைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடச் 'சும்மா' பார்த்ததில்லை. வரலாறு படித்தவள் என்பதால் அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. நம் பெண்களுக்கு ஓய்வாகக் கடற்கரைக்குப் போகும் வழக்கம் எப்போதாவது இருந்ததா?

தமிழில் நாம் அறிந்த புகழ்பெற்ற கடற்கரை உலா சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். முதலில் அவன் யாழ் மீட்டிப் பாடுகிறான். பிறகு அவள் பாடுகிறாள். அவன் பாட்டில் வேறொரு குறிப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவள் பாட்டிலோ, இவள் மனதில் வேறு யாரோ இருக்கிறான் என்று அவன் கண்டுபிடித்துவிடுகிறான். எழுந்து போனவன் பிறகு திரும்பவே இல்லை. கடற்கரையில் மகிழ்ச்சியாக இருந்த பெண்ணுக்குக் கிடைத்த பலன் அது.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஆச்சிகளுக்கு இருந்தது சித்ரா பௌர்ணமி. புளியோதரை, தயிர்ச்சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு நிலா வெளிச்சத்தில் ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடல் என்றால் திருச்செந்தூர். 1923இல் திருநெல்வேலியிலிருந்து அங்கே ரயில் வந்ததும் பயணம் சுலபமாயிற்று. ஆனால் காரணம் மாறவில்லை. நேர்ச்சை, மொட்டை, காதுகுத்து, விசாகம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். ஆச்சி பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து சோறு வடித்துக் கிளறிக் கட்டினால்தான் காலை ரயிலைப் பிடிக்க முடியும். கடலில் முங்குவது ஐந்து நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் வேலை.

ரயில் என்றதும் இன்னொரு பயணம் நினைவுக்கு வருகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அன்று அந்த முதல் வகுப்புப் பெட்டியில் அவர் மனைவி மேரியும் இருந்தார். கோடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கத்தான் இருவரும் புறப்பட்டிருந்தார்கள். நம் மாவட்டத்தின் மிகப் பிரபலமான அந்த நாள், ஒரு குடும்பம் மலைக்குப் புறப்பட்ட நாளும்கூட. வெயில் வந்தால் மலைக்குப் போவது வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சாதாரணம். அதே தடத்தில் மூட்டையும் தூக்குவாளியுமாகப் போன நம் பெண்களின் பயணங்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வைச் சலுகையாக அல்லாமல் உரிமையாகக் கேட்ட போராட்டமும் இதே மண்ணில்தான் நடந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கை. ஒன்பது நாளில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்ததல்ல.

ஆலையை நடத்திய ஹார்வி சகோதரர்கள் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். அந்நாட்டின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலை மூடியதும் பிளாக்பூல் கடற்கரைக்கும், கப்பலேறி மான் தீவு என்ற சின்னத் தீவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆண்டு முழுவதும் காசு சேர்த்துப் போன அந்த விடுமுறைக்குச் சம்பளம் தர வழிசெய்யும் சட்டம் அங்கே 1938இல்தான் வந்தது. தங்கும் விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது: வந்தவர்கள் சாமான் வாங்கித் தருவார்கள், விடுதிக்காரம்மா சமைத்துப் போடுவாள். தறியில் நின்ற பெண்ணுக்கு ஒரு வாரம் அடுப்பிலிருந்து விடுதலை கிடைத்தது. அந்த அடுப்பில் இன்னொரு பெண் நின்றாள்.

இங்கே கிடைத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஆலைக்குப் போகாத அந்த நாளில் ஆண் திண்ணையில் உட்காரலாம். பெண்ணுக்கு அது துணி துவைத்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, கறிக்குழம்பு வைக்கும் நாள். எந்த ஒப்பந்தமும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டே போனோம். இரண்டாம் நாள் முயல் தீவு. துறைமுகம் வந்தபின் கரையோடு சேர்ந்துவிட்ட இடம். பெயரில்தான் இன்னும் தீவு. காணும் பொங்கலன்று தூத்துக்குடியே அங்கே திரளும். நாங்கள் போனது சாதாரண நாள். இருந்தாலும் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில். பெண்கள் பாத்திரங்களைச் சுற்றி நிழலில், செருப்புகளுக்கும் செல்போன்களுக்கும் காவல்.

மதியம் அம்மா பையைத் திறந்தாள். ஆறு பொட்டலம் புளியோதரை. முதல் நாள் கிளம்புவதற்கு முன் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து எங்களுக்குத் தெரியாமல் கிளறியிருக்கிறாள். "புளிச்சோறு ரெண்டு நாள் தாங்கும்" என்றாள். எங்கள் நிபந்தனை அதோடு முடிந்தது. அருமையாக இருந்தது, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டோம். அவளுடைய அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மூன்று மணி யாருடையது என்ற கேள்வி சோற்றோடு சேர்ந்து இறங்க மறுத்தது.

சாப்பிட்டபின் அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அலையோரம் போய் உட்கார்ந்தாள். கும்பிடவில்லை, முங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் பேசாமல் இருந்தாள். நான் கூப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வாரிய?"

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "திருச்செந்தூருக்கு" என்றாள்.

"இலை விபூதி எங்க?"

அம்மா பைக்குள் கைவிட்டுத் துழாவி, தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.