திறக்காத லிங்க்குகளும் 1978 சூறாவளியும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு, வீட்டில் பழைய பென் டிரைவ் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஊர் வரலாற்றைத் தொகுப்பதற்காக நாங்கள் சில ஆசிரியர்கள் ஓர் எக்செல் பட்டியல் வைத்திருக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில், 2011இல் தொடங்கியது. 214 வரிகள். பாடசாலை மலர்களின் படங்கள், பள்ளிவாசல் பழைய கணக்குப் புத்தகங்களின் பக்கங்கள், மூத்தவர்களின் குரல் பதிவுகள், அவற்றைக் கேட்டு எழுதிய வேர்ட் பைல்கள் என்று வரிக்கு ஒரு பொருள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நீல எழுத்தில் ஒரு லிங்க். அழுத்தினால் பொருள் திறக்கும். திறந்தது, ஒரு காலத்தில்.

போன நோன்பு விடுமுறையில் ஒரு மாணவி ஒப்படைக்காக வந்தாள். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையை அடித்த சூறாவளி பற்றி ஊரவர் யாராவது சொன்னது வேண்டுமாம். எங்களிடம் இருக்கிறது மகளே என்று பெருமையாகப் பட்டியலைத் திறந்தோம். வரி இருந்தது. சொன்னவரின் பெயரும் பதிவு செய்த திகதியும் இருந்தன. லிங்க்கை அழுத்தினால், பைலைத் திறக்க முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. சொன்ன அந்தப் பெரியவர் மௌத்தாகி ஆறு வருடம்.

அன்றிரவு 214ஐயும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். 131 திறக்கவில்லை.

எங்களில் ஒருவர், செத்த லிங்க்குகளையெல்லாம் அழித்துப் பட்டியலைச் சுத்தமாக்குவோம் என்றார். இன்னொருவர் மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிடுங்கியவர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது பிறகுதான் விளங்கியது.

லிங்க் என்பது என்ன? அது பொருளல்ல, பொருள் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் ஒரு வரி. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனையோ குடும்பங்கள் கடலோரத்தை விட்டு மேற்கே குடியேறின. பழைய விலாசத்துக்கு வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் வெறும் அத்திவாரத்துக்கு முன்னால் நின்றிருப்பார். கடிதத்தில் பிழையில்லை, ஆள்தான் அங்கே இல்லை. லிங்க்கின் நிலையும் இதுதான்.

இதைத் தவிர்த்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1945இல் அமெரிக்க விஞ்ஞானி வன்னிவர் புஷ், ஒரு மேசைக்குள் மைக்ரோபிலிமில் நூல்களை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை போடும் இயந்திரமொன்றைக் கற்பனை செய்தார். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965இல் அச்சில் கொண்டுவந்தவர் டெட் நெல்சன். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஏங்கல்பார்ட், மவுஸால் அழுத்தி ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் காட்டினார். நெல்சன் விரும்பியது இரு பக்க லிங்க். நான் உங்களைச் சுட்டினால், நான் சுட்டுவது உங்களுக்கும் தெரியும்; நீங்கள் இடம் மாறினாலும் உறவு அறுந்துவிடாது.

1989இல் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இணைய வலையைத் திட்டமிட்டபோது அந்த நிபந்தனையைக் கைவிட்டார். லிங்க் ஒரு பக்கமாகவே போகும், யாரும் யாரையும் அனுமதி கேட்காமல் சுட்டலாம், சுட்டப்பட்டது காணாமல் போனால் 404 என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். 1991 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. செய்து காட்ட மட்டும் இடம் கொடுத்தது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது அவருடைய வலைதான். அறுந்துபோகச் சம்மதித்ததால்தான் அது இவ்வளவு வேகமாக வளர்ந்தது. 1998இல் அவரே, முகவரிகளை மாற்றாதீர்கள் என்று கேட்டு எழுத வேண்டியும் வந்தது. கேட்டவர்கள் குறைவு.

மைக்ரோசொப்ட் ஒபிஸ் 97 வந்தபோது இதே லிங்க் எக்செலுக்கும் வேர்டுக்கும் வந்துவிட்டது, அதே பலவீனத்தோடு.

இனி எங்கள் 131. பெரும்பாலானவற்றின் நோய் ஒன்றே. பட்டியலை முதலில் தயாரித்த தம்பியின் லெப்டொப்பில் எல்லாப் பைல்களும் டி டிரைவில் ஒரு போல்டரில் இருந்தன. அவர் கட்டாருக்குப் போகும்போது எக்செல் பைலை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனார். நாங்களும் முழுவதும் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். கிடைத்தது விலாசப் புத்தகம் மட்டும். வீடுகள் லெப்டொப்பிலேயே இருந்தன.

லிங்க்கில் ரைட் கிளிக் செய்து ‘எடிட் ஹைப்பர்லிங்க்’ என்பதைத் திறந்தால் அடியில் முழு வழியும் தெரியும். எந்த டிரைவ், எந்த போல்டர், எந்தப் பெயர். செத்த லிங்க்கை அழிக்கக் கூடாது என்பது இதனால்தான். அது பைலைத் தராவிட்டாலும், பைல் கடைசியாக எங்கே இருந்தது, என்ன பெயரில் இருந்தது என்று சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை வைத்துத் தம்பியின் வீட்டில் கேட்டோம். லெப்டொப் எப்போதோ பழுதாகி, அலுமாரிக்கு மேலே துணியால் சுற்றி வைத்திருந்தார் அவருடைய உம்மா. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், போல்டர் அப்படியே இருந்தது.

எக்செல் பைலையும் பொருள்கள் இருக்கும் போல்டரையும் ஒன்றாக ஒரே தாய் போல்டருக்குள் போட்டோம். இப்படி வைத்தால் எக்செல் வழியை டிரைவின் பெயரோடு அல்லாமல், என் பக்கத்து போல்டர் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளும். பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாம் வீடு என்று ஊரில் சொல்வோமே, அதுபோல. தாய் போல்டரை எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் வேலை செய்யும். எக்செலை மட்டும் தனியாக அனுப்பினால் செய்யாது. பழைய டி டிரைவ் வழிகளைத் திருத்தப் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டு ஒரு மாலையை வீணாக்கினோம். அது கட்டத்தில் தெரியும் எழுத்தைத்தான் மாற்றுகிறது, உள்ளே இருக்கும் விலாசத்தைத் தொடுவதில்லை. கடைசியில் போல்டரின் வழியை ஒரே கட்டத்தில் எழுதி, பைல் பெயரோடு சேர்த்து ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவாக மாற்றினோம். இனி இடம் மாறினால் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும்.

மாணவியின் சூறாவளி மட்டும் இதற்கும் மசியவில்லை. போல்டருக்குள் ‘சூறாவளி’ என்று தேடினால் அப்படி எதுவும் இல்லை. பட்டியலிலோ அழகான தமிழில் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஆங்கில எழுத்துக்கள் அர்த்தமில்லாமல் கோர்த்த பெயரில், # குறியோடு தொடங்கும் ஒரு பைல் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது: பாமினி! அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டைப் செற்றிங் எல்லாம் பாமினி எழுத்துருதான். பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட உடுப்பு. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். ‘சூ’ என்ற எழுத்துக்கு அதில் # குறி. தலைப்பை அப்படியே கொப்பி பண்ணி யாரோ பைலுக்குப் பெயராகப் போட்டிருக்கிறார்கள்.

லிங்க்குக்கு # என்றால் வேறு அர்த்தம். அதற்குப் பிறகு வருவது பக்கத்துக்குள் இருக்கும் ஓர் இடம் என்பது பெர்னர்ஸ்-லீயின் ஏற்பாடு. அமெரிக்க விலாசங்களில் மாடிவீட்டின் அறை இலக்கத்துக்கு முன்னால் அந்தக் குறியைப் போடும் வழக்கத்தை அவர் உதாரணம் காட்டுவார். பெயரே # இல் தொடங்கியதால் எக்செலுக்குக் கட்டடமே இல்லாமல் அறை மட்டும் கிடைத்தது. எங்கள் சூறாவளியின் ‘சூ’ ஜெனீவாவில் வைத்த விதியில் முட்டி நின்றிருக்கிறது! பைலின் பெயரை யூனிகோட் தமிழில் மாற்றி லிங்க்கைத் திருத்தினோம். திறந்தது.

யூனிகோடிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் ‘கல்முனை’ பக்கத்து முகவரியைக் கொப்பி பண்ணி ஒட்டிப் பாருங்கள், சதவீதக் குறிகளாய்க் கொட்டும். தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் கால்களும் உட்பட, ஒன்பது எழுத்தாக நீளும். கல்முனை என்ற சொல்லுக்கு மட்டும் 63. எக்செல் ஹைப்பர்லிங்க் ஃபார்முலா 255 எழுத்துக்கு மேல் ஏற்காது. நீளமான தமிழ்த் தலைப்புகளை ஃபார்முலாவில் போடாமல், கன்ட்ரோலும் கேயும் அழுத்தி வரும் பெட்டியில் ஒட்டினால் திறக்கும்.

இணையத்தில் இருந்தவை தனிக்கதை. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் போய்விட்டன. செத்த முகவரிகளை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பார்த்தோம். சில பக்கங்கள் பழைய கோலத்திலேயே எழும்பி வந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலிருந்து எடுத்தவற்றுக்குப் பயமே இருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண் உண்டு. முகவரி மாறினாலும் எண்ணை வைத்துத் தேடலாம். நாங்களும் இப்போது 214 வரிகளுக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணையே பைல் பெயரின் தொடக்கத்தில் போட்டுவிட்டோம்.

அந்தப் பெரியவர் சொன்னதை மாணவி எங்கள் முன்னாலேயே வாசித்தாள். கூரை பறந்த பிறகு நெல் மூட்டைகளுக்கு இடையில் பிள்ளைகளை இருத்தி வைத்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம்.

இன்னும் 19 வரிகள் சிவப்பில் நிற்கின்றன. அவற்றின் லிங்க்குகள் காட்டுவது எப் டிரைவை, அதாவது யாருடையதோ ஒரு பென் டிரைவை. போல்டரின் பெயர் ‘மூத்தோர் 2’. 2011, 2012இல் எங்களோடு குரல் பதிவுக்கு வந்தவர்கள், அல்லது அவர்களின் வீட்டார், மேசை லாச்சியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் போமட் பண்ணிவிடாமல் அப்படியே எங்களிடம் தாருங்கள். கொப்பி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.