ஆபா நம்பர் எடுத்தாச்சு... ஆனா ஆப்ல ரிப்போர்ட் ஏன் வரல? இதுதான் காரணம்!

14 இலக்க ஆபா நம்பர் எடுத்துட்டா, நம்ம மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் தானாகவே அதில் வந்து சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆப்பைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். ஏன்?

ஆபா என்றால் என்ன?

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. அதன்கீழ் தரப்படும் அடையாள எண்தான் ஆபா. ஆதார் வைத்து இலவசமாக எடுக்கலாம்; கட்டாயம் கிடையாது. 5 லட்சம் ரூபாய் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் கார்டு வேறு, இது வேறு.

ரிப்போர்ட் எங்கே இருக்கும்?

நீங்கள் சிகிச்சை எடுத்த கிளினிக் அல்லது லேபின் சாஃப்ட்வேரிலேயே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கும் சர்வர் கிடையாது. அந்த ரிப்போர்ட் உங்களுடையது என்று அடையாளம் காட்டுவது மட்டுமே ஆபாவின் வேலை.

அதனால் 2 விஷயம் நடக்கணும். கிளினிக்கின் சாஃப்ட்வேர் இந்த மிஷனோடு இணைந்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை ஆபா எண்ணோடு அவர்கள் லிங்க் செய்ய வேண்டும். பில் போட மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கிளினிக்கில் இருந்து எதுவும் வராது.

யார் பார்க்கலாம்?

வேறு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால், உங்கள் அனுமதி கேட்டு ஆப்பில் கோரிக்கை வரும். எந்த ரிப்போர்ட், எத்தனை நாளுக்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கொடுத்த அனுமதியை ரத்தும் செய்யலாம்.

இதனால் என்ன லாபம்?

பென்சிலின் அலர்ஜி இருப்பவர் புது டாக்டரிடம் அதைச் சொல்ல மறந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய பதிவு கண் முன்னால் இருந்தால் அந்த ஆபத்து குறையும். அலர்ஜியையும் மருந்துப் பெயரையும் முறையாகப் பதிவு செய்திருந்தால், பல சாஃப்ட்வேர்கள் டாக்டரை எச்சரிக்கும். மருந்துச் சீட்டை வெறும் போட்டோவாக ஏற்றி வைத்தால், டாக்டர்தான் திறந்து படிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யணும்?

* ரிசப்ஷனில், "ஆபா நம்பரோட லிங்க் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள்.
* பழைய ரிப்போர்ட்களை ஆபா ஆப்பில் நீங்களே பதிவேற்றலாம்.
* அலர்ஜி இருந்தால் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.
* பழைய ஃபைலை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க!